வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி: எது நல்லது, யாருக்கு நல்லது?

தெருவில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு டீக்கடையிலும் தொழிற்சாலை கேண்டீனிலும் அதே பேச்சுதான். "ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துவிட்டால் எவன் கிட்டே வருவான்?" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பது இல்லை.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து, உற்றார் உறவினர் துணை இல்லாத இடத்தில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்த எண்ணம் வருவதில் வியப்பு இல்லை. கணவன் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டால் மனைவியும் பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போனால் வீடு பத்து நாள் பூட்டிக் கிடக்கிறது.

ஆனால் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்ற கேள்விக்கு நம் நாட்டில் பாதி பதிலைச் சட்டமே சொல்லிவிடுகிறது. மீதிப் பதிலைக் குடும்பத்தின் நிலைமை சொல்லிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

உரிமை அல்ல, அனுமதி

அமெரிக்காவில் ஆயுதம் வைத்துக்கொள்வது அரசியல் சட்டம் தந்த உரிமை. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2008-ம் ஆண்டு உறுதி செய்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. வெள்ளையர் ஆட்சியில், வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878-ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்கள் லைசென்சு இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. வெள்ளையர்களுக்கோ விலக்கு இருந்தது. இந்த அவமானத்தை மனதில் வைத்துத்தான், 1931-ம் ஆண்டு கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் சேர்க்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. அன்று முதல் இன்றுவரை துப்பாக்கி என்பது அரசு கொடுக்கும் அனுமதி. கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

இப்போது நடைமுறையில் உள்ளது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு விதிகளும் ஆகும். 2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாகக் குறைக்கப்பட்டது. லைசென்சின் காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டாக உயர்த்தப்பட்டது.

இந்தக் கட்டுப்பாட்டில் இருந்து விலக்குப் பெற்றவர்களும் உண்டு. கர்நாடக மாநிலம் குடகில், குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் லைசென்சு தேவை இல்லை. அந்த விலக்கை 2029-ம் ஆண்டு வரை மத்திய அரசு நீட்டித்துள்ளது. குடகில் வேலை பார்க்கும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், முதலாளி வீட்டில் பார்ப்பதை வைத்துத் தங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

யாரிடம் எத்தனை?

2016-ம் ஆண்டு முடிவில் நாடு முழுவதும் ஏறத்தாழ 33 லட்சத்து 69 ஆயிரம் துப்பாக்கி லைசென்சுகள் இருந்தன. அவற்றில் 12 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் இருந்தன. கர்நாடகத்தில் ஒரு லட்சத்து 13 ஆயிரம். மராட்டியத்தில் 84 ஆயிரம். தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரத்து 500 மட்டுமே.

துப்பாக்கி வைத்திருப்பதை வடக்கே பல மாவட்டங்களில் குடும்ப கௌரவமாகக் கருதுகிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கமும் அங்கே இருக்கிறது. இப்படிச் சுட்டதில் மாப்பிள்ளையே மாண்ட சம்பவங்களும் உண்டு. இதற்காகவே 2019 திருத்தத்தில், கொண்டாட்டத்தில் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. தாத்தா வீட்டிலும் அப்பா வீட்டிலும் துப்பாக்கியைப் பார்க்காதவர், அதைக் கையாளும் ஒழுங்கைப் புதிதாகக் கற்க வேண்டும். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டியது இல்லை. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எந்தத் துப்பாக்கி?

ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் .303 ரைபிள், 9 மில்லிமீட்டர் பிஸ்டல் போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். அவை சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்கமாட்டா. மிஞ்சியவற்றில் முக்கியமானவை மூன்று ரகங்கள்.

முதலாவது 12 போர் துப்பாக்கி. பாங்கு வாசலில் காவலாளி தோளில் தொங்குவது இதுதான். குழல் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால் இந்தப் பெயர். குழலின் உட்புறம் வழவழப்பானது. ஒரே தோட்டாவில் இருந்து பல குண்டுகள் சிதறும்.

20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள இந்த ரகத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காக ஒரு குடிமகன் கேட்டால், அவர் சட்டப்படி தகுதியற்றவராக இல்லாதவரை, லைசென்சு கொடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 13-வது பிரிவு கூறுகிறது. மற்ற ரகங்களுக்கு "தக்க காரணம்" காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும்.

"குறி பார்க்கவே வேண்டாம், சிதறிப் பாயும்" என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரு கஜ தூரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் என்ற அளவில்தான் குண்டுகள் விரிகின்றன. பத்தடி அறையில் அவை ஒரு கைப்பிடி அளவுகூட விரியமாட்டா. குறி தவறினால் தவறியதுதான். அத்துடன் நீண்ட குழலைக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, இருட்டில், திருப்பிப் பிடிப்பது எளிது அல்ல.

இரண்டாவது .32 ரிவால்வர். கைக்கு அடக்கமானது. பெண்களும் எளிதாகக் கையாளலாம் என்று சொல்லி, 2014-ம் ஆண்டு கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை "நிர்பீக்" என்ற அரை கிலோ எடையுள்ள ரிவால்வரை வெளியிட்டது. அப்போதே அதன் விலை ஒரு லட்சத்து 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம் அது. விலை ஒருபுறம் இருக்க, குட்டைக் குழல் துப்பாக்கியால் குறி தவறாமல் சுட நீண்ட பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு ஆகும் தோட்டாவும் விலை கொடுத்து, லைசென்சில் குறித்துள்ள அளவுக்குள் வாங்க வேண்டியதே.

மூன்றாவது .315 ரைபிள். அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் ஆளைக் கொல்லக் கூடியது. வீடும் வீடும் ஒட்டி இருக்கும் நகரத்தில் அதற்கு இடமே இல்லை.

எந்த ரகமானாலும் ஒரு விஷயம் பொது. தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் பிளைவுட் தடுப்பையும் குண்டு துளைத்துக்கொண்டு போகும். வரிசை வீட்டில் திருடனை நோக்கிச் சுட்ட குண்டு அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலில் போய் நிற்கலாம்.

ஆகவே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கு, தனி வீடாக இருந்தால், 12 போர் துப்பாக்கியே சட்டப்படி எளிது, செலவும் குறைவு. வரிசை வீட்டிலும் ஒற்றை அறையிலும் குடியிருப்பவருக்கு எந்தத் துப்பாக்கியும் பொருத்தமானது என்று சொல்வதற்கு இல்லை.

லைசென்சு பெறும் வழி

லைசென்சுக்கு மனு செய்ய 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் கமிஷனர் உள்ள பெரிய நகரங்களில் கமிஷனரிடமும், மற்ற இடங்களில் மாவட்ட நிர்வாகத் தலைவரிடமும் மனு கொடுக்க வேண்டும். பெங்களூரில் இருப்பவர் கமிஷனரிடமும், கோலார் தங்கவயலில் இருப்பவர் மாவட்ட டெபுடி கமிஷனரிடமும் போக வேண்டும்.

குடியிருப்புக்கு ஆதாரம், டாக்டர் சர்டிபிகேட், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று, அதைப் பத்திரமாக வைக்க வசதி உண்டு என்ற உறுதிமொழி ஆகியவை தேவை. உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தில் இருந்து அறிக்கை போகும். வாடகை ஒப்பந்தம் எழுதாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் இங்கேயே தடுக்கி விழுவார்கள்.

"ஏழைக்கு லைசென்சு தரமாட்டார்கள்" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 14-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 18-வது பிரிவின்படி அப்பீல் செய்யலாம். உயிருக்கு உண்மையான மிரட்டல் உள்ள தொழிலாளி, புரோக்கரைத் தேடாமல், இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டுத் தானே மனு கொடுக்கலாம்.

புரோக்கர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை, தகுதி இல்லாதவர்களுக்கு, வெளிமாநிலத்தவர் உட்பட, 2 லட்சத்து 78 ஆயிரம் லைசென்சுகள் கொடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, 2018-ம் ஆண்டு சி.பி.ஐ. விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பணம் கொடுத்து வாங்கிய காகிதம், பிறகு கைது வாரண்டாகத் திரும்பி வரலாம்.

பூட்டிய வீட்டுக்குக் காவல் ஆகாது

வெளிமாநிலத் தமிழரின் வீடு எப்போது திருடு போகிறது? பெரும்பாலும் ஆள் இல்லாதபோதுதான். பகலில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போன நேரம். பண்டிகைக்கு ஊருக்குப் போன நாட்கள். ஊரில் சாவு என்று தந்தி அடித்தது போல் ஓடிய இரவு.

அந்த நேரத்தில் பீரோவில் கிடக்கும் துப்பாக்கி யாரைச் சுடும்? அதுவும் நகையோடு சேர்ந்து திருடு போகும் இன்னொரு பொருள்தான். நகை போனால் நஷ்டம் மட்டுமே. துப்பாக்கி போனால் லைசென்சுதாரர் பதில் சொல்ல வேண்டும். அது எங்கோ ஒரு கொலையில் கிடைத்தால், முதல் விசாரணை அவரிடம்தான்.

ஊருக்குக் கையோடு கொண்டுபோகலாம் என்றால், ஒரு மாநிலத்துக்கு மட்டும் செல்லும் லைசென்சை வைத்துக்கொண்டு எல்லை தாண்டினால் அதுவே குற்றம். அதற்கென எல்லை நீட்டிப்புப் பெற வேண்டும். இல்லையேல் லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலோ போலீஸ் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாற்றல் ஆகி வேறு ஊர் போனால் அங்குள்ள அதிகாரிக்கும் பழைய அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி போலீசார் உத்தரவிடுவது வழக்கம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் ஆகும் ஊழியருக்கு இது எவ்வளவு அலைச்சல் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை.

சுட்ட பிறகு என்ன?

தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை.

கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ படுகாயத்துக்கோ அஞ்சத்தக்க நிலையில் நடக்கும் திருட்டு அல்லது அத்துமீறல் ஆகியவற்றைத் தடுக்கும்போது, எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் உரிமை செல்லும் என்று 41-வது பிரிவு கூறுகிறது.

ஆனால் 37-வது பிரிவு கடிவாளம் போடுகிறது. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. வீடு உடைத்தவன் வெளியேறித் தெருவில் ஓடும்போது முதுகில் சுட்டால், அதைத் தற்காப்பு என்று கோர்ட்டில் நிலைநாட்டுவது மிகக் கடினம். பட்டப்பகலில் சைக்கிள் திருடியவனைச் சுட்டாலும் அப்படியே.

2010-ம் ஆண்டு தர்ஷன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஆபத்தில் சிக்கியவன் தன் செயலைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை ஏற்று, நியாயமான அச்சம் இருந்தாலே போதும் என்று விளக்கியது. ஆனால் பழி வாங்குவது தற்காப்பு ஆகாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனார். ஆனால் சம்பவம் நடந்தது 1991-ம் ஆண்டு. இறுதி விடுதலைக்கு ஏறத்தாழ 19 ஆண்டு ஆயிற்று.

இதைச் சம்பளக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ரெயில்வே ஊழியரோ மத்திய அரசு ஊழியரோ 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், தற்காலிக வேலை நீக்கம் தானாகவே வந்து சேரும். சுட்டது நியாயமே என்று பிறகு தீர்ப்பு வரலாம். அதுவரை வக்கீலுக்கும் வீட்டு வாடகைக்கும் பணம் வேண்டும்.

வீட்டுக்குள் உள்ள ஆபத்து

துப்பாக்கி எப்போதும் வெளியில் இருந்து வருபவனையே நோக்கி இருக்கும் என்பது நிச்சயம் இல்லை. அமெரிக்காவில் 1993-ம் ஆண்டு வெளியான கெல்லர்மன் குழுவினரின் ஆராய்ச்சி, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு, இல்லாத வீட்டைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு என்று காட்டியது. அதே குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தற்கொலைக்கு அது சுமார் 4.8 மடங்கு என்று தெரியவந்தது.

அமெரிக்கக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தும் என்று கூற முடியாது. ஆனால் காரணம் எங்கும் ஒன்றுதான். குடி, கடன், சந்தேகம், குடும்பச் சண்டை இவை இரவு பத்து மணிக்கு உச்சத்துக்குப் போய், காலையில் தணிந்துவிடுபவை. கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால், காலை வரும்வரை அது காத்திருக்காது.

குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டுமானால் துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் திருடன் வந்த நேரத்தில் இரண்டு சாவி தேட வேண்டும். சாவி தேடாமல் இருக்கத் தலையணைக்கு அடியில் வைத்தால், முதலில் எடுப்பது குழந்தையாக இருக்கலாம். இந்தச் சிக்கலுக்கு ஒற்றை அறை வீட்டில் தீர்வு கிடையாது.

கலவர காலத்தில்

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டதையும், 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டிகள் எரிக்கப்பட்டதையும் நினைவில் வைத்து, "அப்போது ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்" என்று பேசுகிறவர்களும் உண்டு.

அந்தப் பயத்தைக் குறைத்துப் பேசுவதற்கு இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் முன்னால் இரண்டு தோட்டாத் துப்பாக்கி என்ன செய்யும்? முதல் வெடிச் சத்தம் ஊர் முழுவதும் வதந்தியாகப் பரவும். சுட்டவர் வீட்டோடு நிற்காமல், அந்தத் தெருவில் உள்ள தமிழர் வீடுகள் அத்தனைக்கும் ஆபத்து வரும். இப்படிப்பட்ட நேரத்தில் முன்கூட்டியே போலீசுக்குத் தகவல் கொடுப்பதும், கன்னட அண்டை வீட்டாரோடு நாள்தோறும் வளர்த்து வைத்த பழக்கமுமே கை கொடுக்கும்.

கள்ளத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்

லைசென்சு அலைச்சலைக் கேட்டதும், "சில ஆயிரத்துக்கு நாட்டுத் துப்பாக்கி கிடைக்கும்" என்று காதோடு சொல்பவர்கள் வருவார்கள். லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு, அபராதம் வேறு. அரசு வேலையில் இருப்பவருக்கு வேலையும் போகும். தண்ணீர்க் குழாயில் செய்த அந்தத் துப்பாக்கி, சுடுகிறவரின் கையிலேயே வெடிப்பதும் உண்டு.

பணத்தை எங்கே போடலாம்?

எதிரிகளின் மிரட்டலுக்கு ஆளானவர், பெரும் பணத்தோடு தனி வழியில் போகிறவர், ஒதுக்குப்புறத் தோட்டத்தில் குடியிருப்பவர் ஆகியோருக்குத் துப்பாக்கி தேவைப்படலாம். அவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. முறைப்படி மனு கொடுத்து, பயிற்சி பெற்று, வாங்கட்டும்.

மற்றவர்களுக்குத் துப்பாக்கி விலையில் பத்தில் ஒரு பங்கு போதும். கதவுக்கு உட்புறம் இரும்புத் தாழ்ப்பாள், கொண்டி தெரியாத நல்ல பூட்டு, ஜன்னலுக்குக் கம்பி, வாசலில் ஒரு விளக்கு. நகை பாங்கு லாக்கரில் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடமும் போலீஸ் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆபத்து என்றால் 112-க்குப் போன் செய்யலாம். வீட்டில் உள்ள பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். வீட்டு விலாசத்தை அந்த ஊர் மொழியில் சொல்லவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். போன் செய்தும் இடம் சொல்லத் தெரியாமல் தவிப்பது, வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கே உள்ள கஷ்டம்.

பத்து வீட்டார் சேர்ந்து சம்பளம் கொடுத்தால் தெருவுக்கு ஓர் இரவுக் காவலாளியும் வைத்துக்கொள்ளலாம். ஷிப்டுக்குப் போனவர் வீட்டையும், ஊருக்குப் போனவர் வீட்டையும் அவர் சேர்த்தே பார்த்துக்கொள்வார். துப்பாக்கியால் அது முடியாது.